அலமாரியை அடைத்துக் கிடக்கும் ஷூக்களை இணையத்தில் விற்கலாமா?

வாசகர் கேள்வி, 5 அக்டோபர் 2025

சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் நால்வர் வசிக்கிறோம். வாசலில் உள்ள ஷூ அலமாரி நிறைந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் பெட்டி பெட்டியாகக் காலணிகள் கிடக்கின்றன. பாதிக்கு மேல் யாரும் போடுவதில்லை. சில பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை. இணையத்தில் விற்றால் இடமும் கிடைக்கும், பணமும் வரும் என்கிறார் மனைவி. ஒருவர் போட்ட ஷூவை இன்னொருவர் விலை கொடுத்து வாங்குவாரா என்பது என் ஐயம். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

5 அக்டோபர் 2025, இரவு

வாங்குவார்கள். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஓடும் ஷூ, பூப்பந்து ஷூ, கால்பந்து ஷூ, மலையேற்ற ஷூ, அலுவலகத்துக்கான தோல் ஷூ, குழந்தைகள் ஓரிரு முறை போட்டுவிட்டுக் கால் வளர்ந்து ஒதுக்கிய ஷூ ஆகியவை விலை போகின்றன. திறந்த செருப்புகள், ஹவாய்ச் செருப்புகள், திருமண வீட்டுக்கு ஒரு நாள் போட்ட குதியுயர்ந்த காலணிகள் ஆகியவற்றைக் கேட்டு யாரும் வருவதில்லை. திறந்த செருப்பின் பாதப்பகுதியில் போட்டவரின் விரல் தடம் பதிந்துவிடும். அதைப் பார்த்தவுடன் வாங்குபவர் மனம் பின்வாங்கிவிடுகிறது. ஷூவில் உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்ள முடியும் என்பதால் அந்தத் தயக்கம் குறைவு.

எங்கள் வீட்டில் மகன் கால்பந்து விளையாடுகிறான். அவன் கால் வளரும் வேகத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு ஜோடி மிஞ்சுகிறது. அவற்றை வாங்க வருபவர்களும் பெரும்பாலும் பெற்றோர்களே. தங்கள் பிள்ளைக்கும் இது ஆறு மாதத்தில் சிறிதாகிவிடும் என்று தெரிந்தே வருகிறார்கள். அதனால் பேரம் கடுமையாக இருப்பதில்லை.

6 அக்டோபர் 2025

நேற்றைய குறிப்பில் எதை விற்கலாம் என்பதை மட்டும் சொன்னேன். எப்போது விற்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம் என்று கருதுகிறேன். பிரிக்காத பெட்டிகள் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் இதை முதலில் படியுங்கள்.

என் கணவர் இமயமலைப் பயணம் ஒன்றுக்காக விலையுயர்ந்த மலையேற்ற ஷூ வாங்கினார். அந்தப் பயணம் முடிந்ததும் அதைத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தோம். சில ஆண்டுகள் கழித்து விற்பதற்காக எடுத்தபோது மேற்பகுதி புதிதுபோலவே இருந்தது. அடிப்பகுதியை விரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. கெட்ட ஷூவை விற்றுவிட்டார்கள் என்றுதான் முதலில் எண்ணினோம். உண்மையான காரணம் வேறு. பல ஷூக்களின் மேல் சோலுக்கும் தரை தொடும் ரப்பருக்கும் இடையில் உள்ள மெத்தென்ற அடுக்கு பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப்பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. ஷூவைப் போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நிகழும்; ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில், காற்றுப்புகாத உறைக்குள் ஈரம் சிக்கிக்கொண்டால், இன்னும் விரைவாக நிகழும். சென்னையின் பரணைக் காட்டிலும் இதற்கு ஏற்ற இடம் வேறில்லை.

எல்லா ஷூவும் இப்படி ஆவதில்லை. ஈவிஏ என்று குறிப்பிடப்படும் நுரைப்பொருளால் ஆன அடுக்கு ஈரத்தால் இவ்வாறு உதிர்வதில்லை. எடை குறைந்த ஓடும் ஷூக்கள் பலவற்றில் இருப்பது அதுதான். கனமான மலையேற்ற ஷூக்களிலும், பணியிடப் பாதுகாப்பு ஷூக்களிலும், அலுவலக ஷூக்கள் சிலவற்றிலும் பாலியூரித்தேனைக் காணலாம்.

ஆகவே பெட்டிகளை இன்றே பிரியுங்கள். ஒவ்வொரு ஷூவையும் கையில் எடுத்து, முன்பகுதியை நன்றாக வளைத்துப் பாருங்கள். அடி அடுக்கின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, பிசுபிசுப்பு கையில் ஒட்டினாலோ, மாவுபோல் உதிர்ந்தாலோ அதை விற்பனைக்கு வைக்க வேண்டாம். வாங்கியவர் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை தாண்டும் முன் சோல் கழன்றுவிடும்.

6 அக்டோபர் 2025, மாலை

ஒரு சேர்க்கை. பிரிக்காத ஷூவின் நாக்குப் பகுதியின் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் பெரும்பாலும் தயாரிப்பு மாதமோ ஆண்டோ அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்து விளம்பரத்தோடு போட்டுவிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

9 அக்டோபர் 2025

கேட்டவர் எழுதியிருக்கிறார்: பிரிக்காத பெட்டிகளில் ஒன்றில் இருந்த அலுவலக ஷூவின் சோல் வளைத்ததும் வெடித்துவிட்டதாம், மற்றவை நலமாக இருக்கின்றனவாம். எஞ்சியவற்றை விளம்பரப்படுத்துவதில் அளவைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விற்பனை நடக்காமல் போவதற்கும் நடந்த பின் தகராறு வருவதற்கும் அளவே பெரும்பாலும் காரணம்.

நம் நாட்டில் 'எட்டாம் நம்பர்' என்று சொல்கிறோம். அது ஆங்கிலேய அளவுமுறை. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு. ஐரோப்பிய முறையில் ஓர் எண்ணுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது சுமார் 6.7 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்ப மாற்று அட்டவணை வகுத்துக்கொள்கிறது. அடிடாஸ் ஆண்கள் ஷூவில் ஆங்கிலேய எட்டு என்பது ஐரோப்பிய 42. நைக்கியில் அதே எட்டு 42.5. எனவே 'எட்டாம் நம்பர், நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினால் வாங்குபவருக்கு நீங்கள் எதையும் சொல்லவில்லை என்றே பொருள்.

நான் செய்வது இது. இன்சோலைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கத்தில் எஃகு அளவுகோலை வைத்து, குதி முதல் விரல் நுனி வரையிலான நீளத்தையும் முன்பாதம் அகன்றிருக்கும் இடத்தின் அகலத்தையும் படம் எடுக்கிறேன். விளம்பரத்தில் 'இன்சோல் நீளம் 27.5 சென்டிமீட்டர், அகலம் 9.6 சென்டிமீட்டர், சுவரில் குதியை ஒட்டி நின்று உங்கள் பாதத்தை அளந்தால் நீளம் 26.5 அளவில் இருக்க வேண்டும்' என்று எழுதுகிறேன். மூடிய ஷூவில் விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்பதால்தான் அந்த வேறுபாடு. இப்படி எழுதத் தொடங்கிய பின் வீண் விசாரணைகள் குறைந்தன. வருபவர்கள் வாங்கிக்கொண்டே போனார்கள்.

அகலத்தைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் நமக்கென ஓர் அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. நம்மில் பலர் அகலத்துக்காக ஓர் எண் பெரிய ஷூவை வாங்குகிறோம். நீளம் மிகுந்து குதி வழுக்குகிறது. கொஞ்ச நாளில் அது அலமாரிக்குள் போய்விடுகிறது. நம் வீடுகளில் போடாத ஷூக்கள் இவ்வளவு சேர்வதற்கு ஆசை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. பாதத்துக்குப் பொருந்தாததை எண்ணை நம்பி வாங்கியதும் அதற்குச் சமமான காரணம்.

11 அக்டோபர் 2025

படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், சோல் கட்டாயம் தெரியும்படி எடுங்கள். சோலின் தேய்மானம்தான் உண்மையான வயதைச் சொல்லும். கிழிசல், கறை, தையல் பிரிந்த இடம் ஆகியவற்றுக்குத் தனிப் படம் போடுங்கள். நிறுவனத்தின் இணையதளப் படத்தை எடுத்துப் போடுபவர்கள் பலர். அப்படிப்பட்ட விளம்பரத்தை நான் வாங்கும் இடத்திலிருந்தால் நம்ப மாட்டேன்.

14 அக்டோபர் 2025

விலை. வாங்கிய விலையில் பாதி என்று ஒரு வழக்கம் பலர் மனத்தில் இருக்கிறது. அது சரியான தொடக்கம் அல்ல. நீங்கள் இரண்டு ஆண்டுக்கு முன் கொடுத்த விலை வாங்குபவருக்குத் தேவையில்லாத செய்தி. அதே போன்ற புது ஷூ இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் அவர் கைபேசியில் பார்த்துக்கொண்டு உங்களோடு பேசுகிறார்.

இந்த ஆண்டு அந்த விலை இறங்கியிருக்கிறது. செப்டம்பர் 22 முதல் ஒரு ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 1,000 ரூபாய்க்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதம் இருந்தது. வரியோடு 2,000 ரூபாய்க்கு விற்ற ஷூவின் அடிப்படை விலை மாறவில்லை என்று கொண்டால் இப்போது அது ஏறத்தாழ 1,780 ரூபாய் ஆகிறது. போதாக்குறைக்குத் தீபாவளித் தள்ளுபடியும் நடக்கிறது. எனவே நடுத்தர விலையில் வாங்கிய ஷூவை ஓரிரு முறை போட்டிருந்தாலும் இப்போதைய புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 2,500 ரூபாய்க்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. விளையாட்டு வீரர்கள் தேடும் உயர்விலை ஷூக்கள் அதனால் தம் மதிப்பை ஓரளவு காத்துக்கொள்கின்றன. நன்கு பராமரித்த ஒன்றுக்குப் பாதி விலை கிடைப்பது உண்டு.

15 அக்டோபர் 2025

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்தேன். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. கேட்டவரின் நோக்கம் இடம். சென்னையில் அலமாரியின் ஓர் அடுக்குக்காகவும் நாம் வாடகையோ வீட்டுக்கடன் தவணையோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நானூறு ரூபாய்க்கு நாளையே எடுத்துக்கொள்கிறேன் என்பவரை அனுப்பிவிட்டு அறுநூறு தருபவருக்காக மூன்று மாதம் காத்திருந்தால், அந்த மூன்று மாதமும் பெட்டி அங்கேயே இருக்கிறது, மழைக்காலமும் வந்துவிடுகிறது, ஷூவும் மூப்படைகிறது. முதல் வாரம் நீங்கள் விரும்பும் விலை, இரண்டாம் வாரம் வந்த விலை என்று முன்பே மனத்தில் முடிவு செய்துவிட்டால் வீட்டில் வாக்குவாதமும் இருக்காது.

'லாஸ்ட் பிரைஸ் என்ன?' என்று மட்டும் கேட்டுவிட்டு மறைபவர்களுக்கு நான் இப்போது எண் எதுவும் சொல்வதில்லை. 'நேரில் வந்து போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்' என்கிறேன். உண்மையில் தேவைப்படுபவர் வருகிறார்.

18 அக்டோபர் 2025

பணம் வாங்கும் முறையில் கவனமாக இருங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள்தான் இதில் ஏமாற்றப்படுகிறார்கள். ராணுவத்தில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் பேசுவார். பேரமே பேச மாட்டார். பொருளைப் பார்க்கவும் மாட்டார். 'முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்' என்பார். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ ரகசிய எண்ணைப் போடவோ ஒருபோதும் தேவையில்லை. அந்த எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகும். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் யுபிஐ மூலம் பணம் கோரும் வசதியை இந்த அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆயினும் கியூஆர் வழி மோசடிக்கு அது தடையாகாது.

இன்னொரு வகை, பணம் அனுப்பியதாகப் போலியான படம் காட்டுவது. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பின் ஷூவைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் வேறு கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

25 அக்டோபர் 2025

வெளியூருக்கு அனுப்பலாமா என்று கேட்ட திருச்சி வாசகருக்கு: அனுப்பலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியார் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைப் பருமன் எடையாகக் கொள்வது பெரும்பாலான கூரியர்களின் வழக்கம். இரண்டில் எது மிகுதியோ அதற்குக் கட்டணம். சாதாரண ஷூ பெட்டி 33 × 21 × 12 என்று வைத்தால் 1.66 கிலோ வருகிறது. உள்ளே இருக்கும் ஷூ ஒரு கிலோகூட இருக்காது. ஷூக்களைத் தலைமாற்றி, சோல் வெளிப்புறம் பார்க்க அடுக்கி, 30 × 20 × 10 அளவுள்ள அட்டைப்பெட்டியில் அடக்கினால் அது 1.2 கிலோவாகிவிடும். நானூறு ரூபாய் ஷூவுக்கு இந்த வேறுபாடு பெரியது.

வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பாதீர்கள். என் ஜோடி ஒன்று குதிப்பகுதி நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. கூரியரிடம் கேட்டபோது கட்டிய முறையைக் குறை சொன்னார்கள், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தேன். அதன் பிறகு ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, குதியைச் சுற்றி ஓர் அட்டையும் வைக்கிறேன். அஞ்சலகத்தில் பதிவுத் தபால் என்று கேட்காதீர்கள். செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள்.

பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு சொல். உயர்விலை ஷூ என்றால் அசல் பெட்டியோடு வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஜோடிக்கு மட்டும் பெட்டியை மடித்து வைத்திருங்கள். மற்றவற்றின் பெட்டிகளை இன்றே பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம். எங்கள் பரணில் பாதி இடம் ஷூவால் அல்ல, வெற்றுப் பெட்டிகளால் நிறைந்திருந்தது.

26 அக்டோபர் 2025

உள்ளூர் விற்பனைதான் எனக்குப் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்குபவரை மெட்ரோ நிலைய வாசலுக்கு வரச் சொல்கிறேன். காலுறை கொண்டு வரும்படி முன்பே எழுதிவிடுகிறேன். அங்கேயே போட்டு நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டால் 'அளவு சரியில்லை' என்ற பேச்சு பின்னால் வராது.

2 நவம்பர் 2025

பெண்களின் ஷூவை விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எனக்கும் என் தோழிகளுக்கும் நேர்ந்தது இது. 'போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்புங்கள், பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்' என்று சிலர் கேட்பார்கள். உங்கள் காலில் பொருந்துவதைப் பார்த்து வேறொருவர் காலுக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. கேட்பவரின் நோக்கம் ஷூ அல்ல. பதில் எழுதாமல் தடுத்துவிடுங்கள், விளம்பரம் போட்ட செயலியில் புகாரும் கொடுங்கள். அளவுகோல் வைத்து எடுத்த படத்துக்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படாது.

வாட்ஸப் எண்ணை விளம்பரத்தில் போட வேண்டாம். செயலிக்குள்ளேயே உரையாடுங்கள். வீட்டு வாசலில் எடுத்த படத்தில் கதவு எண் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

8 நவம்பர் 2025

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர், என் முதல் குறிப்பில் தோல் ஷூக்களை விலை போகும் பட்டியலில் வைத்ததை மறுத்திருக்கிறார். அவர் சொல்வதில் பெரும் பகுதியை ஏற்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் ஏற்றுமதிக்காகவே ஷூ செய்யும் ஊர்கள். அங்கே தோல் ஷூ புதிதாகவே மலிவாகக் கிடைக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இறங்கி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆகவே வட தமிழ்நாட்டில் பழைய தோல் ஷூவுக்கு மதிப்புக் குறைவு. மேலும் தோல் போட்டவரின் பாதத்துக்கு ஏற்ப இளகி வடிவம் கொள்வது. நன்றாகப் பழகிய தோல் ஷூ இன்னொருவர் காலில் கடிக்கவே செய்யும். என் அனுபவத்தில் விற்ற தோல் ஷூக்கள் எல்லாம் அதிகம் போடாதவை. நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞர்கள் வாங்கினார்கள். எனவே தோல் ஷூ என்றால் அதிகம் போடாதது என்று திருத்திப் படியுங்கள்.

அதேபோல் குதியுயர்ந்த காலணிகளை யாரும் கேட்பதில்லை என்றதற்கும் மதுரை வாசகி ஒருவர் மாற்றுச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றாக விற்காமல், ஆறேழு ஜோடிகளை ஒரே தொகுப்பாகக் குறைந்த விலைக்கு விளம்பரப்படுத்தியபோது கல்லூரி நாடகக் குழு ஒன்று ஆடை அலங்காரத்துக்காக வாங்கிக்கொண்டதாம். எனக்குத் தோன்றாத வழி இது. நானும் செய்து பார்ப்பேன்.

9 நவம்பர் 2025

'ஃபர்ஸ்ட் காப்பி' ஷூக்களை அப்படியே சொல்லி விற்றால் தவறில்லையே என்று ஒருவர் கேட்கிறார். தவறுதான். போலி என்று வாங்குபவருக்குத் தெரிவித்துவிட்டாலும் அது போலியே. 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி பொய்யான வணிகக்குறி உள்ள பொருளை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் தேயும் வரை நீங்களே போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

16 நவம்பர் 2025

மழை தொடங்கிவிட்டதால் இதை எழுதுகிறேன். கேட்டவரின் அலமாரியில் இன்னும் சில ஜோடிகள் இருப்பதாகவும் அவற்றில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மேற்பரப்பில் படிந்த பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் வீட்டுக்கு வெளியே தேய்த்து அகற்றி, வினிகரைத் தண்ணீரில் சம அளவு கலந்து துணியில் நனைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும். வாடைக்குச் சமையல் சோடாவைத் துணியில் முடிந்து ஓர் இரவு உள்ளே வைக்கலாம். இன்சோலைத் துவைப்பதைவிடப் புதிதாக வாங்கிப் போடுவது நல்லது. அந்தச் செலவு விலையில் திரும்பிவிடும். பெட்டிக்குள் வரும் சிறு ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை ஆண்டுக்கணக்கில் நம்பாதீர்கள். ஈரத்தைக் குடித்து நிறைந்தபின் அவற்றால் பயனில்லை.

சோலின் ஓரம் மட்டும் வாய் திறந்திருந்தால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். பசையோடு சுற்றித் தையலும் போட்டுத் தருவார். எங்கள் பகுதியில் இருப்பவர் ஷூவை ஒருமுறை வளைத்துப் பார்த்தே 'இதைத் தைக்கலாம், இது தாங்காது' என்று சொல்லிவிடுவார். எதை விற்கலாம் என்று முடிவெடுப்பதில் நான் மதிக்கும் தீர்ப்பு அவருடையது. தைத்ததை விளம்பரத்தில் மறைக்க வேண்டாம். தைத்த ஷூவைத் தேடி வாங்குபவர்களும் உண்டு, அது பசை மட்டும் போட்டதைவிட உறுதியானது என்பதால்.

23 நவம்பர் 2025

விற்காமல் எஞ்சியவற்றை என்ன செய்வது என்பது இப்போதைய கேள்வி.

இணையத்தில் ஒரு மாதம் யாரும் கேட்காத ஷூவை மறுபடியும் அலமாரிக்குள் வைக்காதீர்கள். இந்த முயற்சி முழுவதும் வீணாவது அந்த இடத்தில்தான். போடத்தக்க நிலையில் இருப்பவற்றை, பழைய பொருள்களைச் சேகரித்துத் தேவைப்படுவோருக்குத் தரும் கூன்ஜ் போன்ற தொண்டு அமைப்புகளின் சேகரிப்பு மையங்களில் கொடுக்கலாம். ஜோடியை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிக் கொடுங்கள். பிரிந்துவிட்டால் இரண்டும் பயனற்றுப் போகும். மும்பையைச் சேர்ந்த கிரீன்சோல் என்ற அமைப்பு தேய்ந்த ஷூக்களை வெட்டிச் செருப்புகளாக மாற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருகிறது. சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஷூ வாங்கி விற்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தொகை சிறியது. ஆனால் அந்த வியாபாரி அவற்றைத் துடைத்து, தைத்து, அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு வாங்கத்தக்க விலையில் விற்கிறார்.

உதிர்ந்தவற்றையும் பிய்ந்தவற்றையும் தானமாகக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நமக்குக் குப்பையானது ஏழைக்கும் குப்பைதான். வெள்ளத்தின்போது சென்னையில் குவிந்த உடைகளையும் காலணிகளையும் பிரிக்கவே தன்னார்வலர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை 2015 டிசம்பரில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

24 நவம்பர் 2025

எம்சிஆர் செருப்பைப் பற்றிக் கேட்ட வாசகருக்குத் தனியாக எழுதுகிறேன். மறைந்த தந்தையின் செருப்பு என்றும், அதிகம் போடாதது என்றும், யாருக்காவது உதவட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அதை விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். நுண்துளை ரப்பரால் ஆன அந்தச் செருப்பு, தொழுநோயாலோ நீரிழிவாலோ உணர்ச்சி இழந்த பாதத்தில் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் காப்பதற்கானது. போட்டவரின் எடையும் நடையும் அதில் பள்ளமாகப் பதிந்துவிடும். அந்தப் பள்ளம் இன்னொருவரின் பாதத்தில் தவறான இடத்தில் அழுத்தும். உணர்ச்சி இல்லாததால் புண் வந்ததே அவருக்குத் தெரியாது. பாதத்தை அளந்து புதிதாகச் செய்துகொள்வதே முறை. என் தந்தையும் அப்படிப்பட்ட செருப்பைத்தான் போட்டார். ஒவ்வொரு முறையும் பழையதைக் கைவிடும்படி மருத்துவர் சொன்னதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது.

30 நவம்பர் 2025

வருமான வரி பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். உடைகள், அறைகலன்கள் உட்படச் சொந்தப் பயன்பாட்டுக்கான அசையும் பொருள்களை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகக் கொள்வதில்லை. நகை, ஓவியம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. வாங்கிய விலைக்கும் குறைவாகவே நாம் விற்பதால் ஆதாயம் என்ற பேச்சும் எழாது. விற்பதற்கென்றே வாங்கி விற்கத் தொடங்கினால் அது வியாபாரம். அதற்குரிய விதிகள் வேறு.

கேட்டவர் நேற்று எழுதியதில் ஒரு செய்தி எனக்கு மகிழ்ச்சி தந்தது. மகளின் பூப்பந்து ஷூவை வாங்கிய மாணவி, சோல் பிடிமானம் நன்றாக இருப்பதாகச் சொல்லி, வேறு ஜோடி இருந்தால் தெரிவிக்கும்படி எண் கொடுத்துவிட்டுப் போனாளாம். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் மகளின் கால் வளர்ந்து அடுத்த ஜோடி சிறிதாகும்போது அதைப் பரணுக்கு ஏற்றாமல் அந்த வாரமே அவளுக்குத் தெரிவியுங்கள். அளவை மட்டும் மறுபடியும் தாளில் வைத்து அளந்து அனுப்புங்கள், ஏனெனில் அவளுடைய காலும் அதற்குள் வளர்ந்திருக்கும்.